கொல்லிமலையின் சிறு ஆர்க்கிட்டுகளை இனங்காணுதல்

ஒரு செடி ஆர்க்கிட்தானா என்பதைப் பூவின் நடுவே நிற்கும் தூண் சொல்லிவிடும். மற்றப் பூக்களில் மகரந்தத்தாள்கள் தனியாகவும் சூல்தண்டு தனியாகவும் நிற்கும். ஆர்க்கிட்டில் இரண்டும் இணைந்து ஒரே தூணாகிவிடுகின்றன. அதன் உச்சியில் மகரந்தம் தூளாக உதிராமல் மெழுகு உருண்டைகளாகவோ சிறு திரள்களாகவோ மூடியின் கீழ் இருக்கும். தூணைச் சுற்றி மூன்று புல்லி இதழ்கள், மூன்று அல்லி இதழ்கள். அல்லி இதழ்களில் ஒன்று மட்டும் உருமாறி உதடாக நீண்டிருக்கும். பூக்காம்பு போலத் தெரிவதில் பெரும்பகுதி உண்மையில் சூற்பை. பூவுக்குக் கீழே இருக்கும் அது பெரும்பாலான இனங்களில் 180 டிகிரி முறுக்கிக்கொண்டிருக்கும். மேலே இருக்க வேண்டிய உதடு கீழே வந்து பூச்சிக்கு இறங்குதளமாக அமைவது இந்த முறுக்கினால்தான்.

இந்த அடையாளங்களைக் கையோடு வைத்துக்கொண்டால் ஏமாற்றும் செடிகளைத் தள்ளிவிடலாம். மழைக்காலப் பாறைக் கசிவுகளில் பூக்கும் யூட்ரிகுலேரியாவுக்கும் காட்டுக் காசித்தும்பைக்கும் உதடு போன்ற இதழும் வால் போன்ற தேன்குழலும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆர்க்கிட் என்றே தோன்றும். ஆனால் இரண்டிலும் சூற்பை பூவுக்குள்ளே இருக்கிறது, தூண் கிடையாது. பூ இல்லாத காலத்தில் நிலப்பனை இன்னும் அதிகம் குழப்பும். அதன் மடிப்பு மடிப்பான இலை யூலோஃபியா, ஜியோடோரம் போன்ற தரை ஆர்க்கிட்டுகளின் இளம் இலையை ஒத்திருக்கும். நிலப்பனை இலையில் மெல்லிய மயிர் இருக்கும். இலைகளின் அடியில், மண்ணை ஒட்டி, நட்சத்திரம் போன்ற மஞ்சள் பூ இருந்தால் ஐயமே இல்லை.

இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட படத்தொகுப்பின்படி நாட்டில் 1,256 ஆர்க்கிட் வகைகள் உள்ளன. அவற்றுள் 388 இந்தியாவில் மட்டுமே வளர்பவை. வடகிழக்கு மாநிலங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையும்தான் இதில் பெரும்பங்கைக் கொண்டவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இங்கே எண்ணிக்கை குறைவு, பூக்களும் பெரும்பாலும் சிறியவை. கடைகளில் விற்கும் கலப்பின ஆர்க்கிட்டைப் பார்த்துப் பழகிய கண் இங்கே எதையும் காணாமல் கடந்துவிடும். ஆனால் ஒரே மலையில் மிகக் குறைந்த தூரத்துக்குள் வாழிடம் மாறிக்கொண்டே போவது கொல்லிமலையின் சிறப்பு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அடிவாரத்து முட்புதர்க்காடு, சரிவின் இலையுதிர்காடு, மேலே செல்லச் செல்ல ஈரமான பசுமைக்காட்டுத் துண்டுகள் என்று மாறும். மேல்தளம் ஏறத்தாழ 1,000 முதல் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காப்பித் தோட்டம், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பலா, சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவு நிலங்கள், பள்ளத்தில் நெல்வயல், இடையிடையே கோயில்காடுகள். இந்த ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்க வேண்டிய ஆர்க்கிட் வேறு. ஆகவே இனங்காணுதல் பூவில் தொடங்குவதில்லை. செடி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில் தொடங்குகிறது. தரையிலா, மரத்திலா, பாறையிலா, நிழலிலா, வெயிலிலா, கசிவு ஈரத்திலா, வடிந்த மண்ணிலா என்று கேட்டாலே பாதிப் பேரினங்கள் கழிந்துவிடும். செடியைப் பிடுங்கி எடுத்துவந்து மேசையில் வைப்பவர் இந்தச் சான்று முழுவதையும் இழந்துவிடுகிறார்.

அடுத்தது பருவம். தரை ஆர்க்கிட்டுகள் ஆண்டின் பெரும்பகுதியைக் கிழங்காக மண்ணுக்குள் கழிப்பவை. கோடை மழை விழுந்ததும் நெர்விலியா பூக்கும். ஆடி, ஆவணியில் ஹபனேரியா தொடங்கி ஐப்பசி வரை ஒவ்வொன்றாக வரும். தை, மாசியில் ஈர வரப்புகளில் ஜூக்சின். மரத்தில் தொற்றி வாழும் வாண்டா, லூயிசியா போன்றவை பெரும்பாலும் கோடையை ஒட்டிப் பூக்கின்றன. ஒரே இடத்தை ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் சென்று பார்க்காத எவரும் அந்த இடத்தின் ஆர்க்கிட் பட்டியலை முடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பங்குனியில் வெறும் காய்ந்த புல்லாகக் கிடக்கும் சரிவு ஆவணியில் வெண்பூங்கதிர்களால் நிறைந்திருப்பது கொல்லிமலையில் வழக்கமான காட்சி.

தரை ஆர்க்கிட்டுகளில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது ஹபனேரியாவில். செடியின் அடியில் இரண்டு கிழங்குகள் இருக்கும்: ஒன்று இந்த ஆண்டின் பூவுக்காகச் சத்தைக் கொடுத்துச் சுருங்கிக்கொண்டிருப்பது, மற்றொன்று அடுத்த ஆண்டுக்காகப் பருத்துக்கொண்டிருப்பது. இதைப் பார்க்க மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. தோண்டினால் அடுத்த ஆண்டின் செடியும் சேர்ந்து போய்விடும். பார்க்க வேண்டியவை எல்லாம் மண்ணுக்கு மேலேயே இருக்கின்றன. முதலில் இலை. ஹபனேரியா ராக்ஸ்பர்கியில் அகன்ற, சற்றே வட்டமான சில இலைகள் தரையோடு தரையாகப் படிந்திருக்கும். நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு எழுந்து வெள்ளைப் பூக்களை அடர்த்தியாகத் தாங்கும். வேறு இனங்களில் இலைகள் தண்டின் நீளத்துக்கு ஏறிச்செல்லும். அடுத்து அல்லி இதழ் முழுமையானதா, இரண்டாகப் பிளந்ததா என்பது. பிறகு உதடு. அது பொதுவாக மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். பக்க மடல்கள் நடுமடலைவிட நீளமா குட்டையா, ஓரம் நேராக இருக்கிறதா கிழிந்ததுபோல் இருக்கிறதா என்பதை எழுதிக்கொள்ள வேண்டும்.

இறுதியாகத் தேன்குழல். ஹபனேரியா லாங்கிகார்னிகுலேட்டாவில் இது பத்து சென்டிமீட்டரைத் தொட்டும் கடந்தும் நீளும். பூவைவிட அதன் வால் பலமடங்கு பெரிது. இவ்வளவு நீளமான குழலின் அடியில் இருக்கும் தேனை எட்டக்கூடியது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சி மட்டுமே. வெள்ளை நிறமும் அந்திக்குப் பின் எழும் மணமும் அந்தப் பூச்சிக்கான அழைப்பு. மடகாஸ்கரின் நீண்ட குழல் கொண்ட ஆங்கிரீக்கம் பூவைப் பார்த்து, அதற்கேற்ற நாக்கு கொண்ட அந்துப்பூச்சி ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். அந்தப் பூச்சிக்கு 1903இல்தான் பெயரிடப்பட்டது. கொல்லிமலையின் புல்சரிவில் நிற்கும் ஹபனேரியாவிலும் அதே ஏற்பாடுதான். குழலின் நீளத்தை அளந்து எழுதுவது பெயரைக் கண்டுபிடிக்கும் வேலையோடு முடிவதில்லை. அந்தச் செடி யாரை நம்பி வாழ்கிறது என்பதையும் அது சொல்கிறது.

ஹபனேரியாவையும் பெரிஸ்டைலஸையும் பிரிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இரண்டும் பச்சையும் வெள்ளையுமான சிறுபூக்களைக் கதிராகத் தாங்குபவை. இரண்டும் ஒரே புல்வெளியில் நிற்கக்கூடும். நிறமோ உயரமோ இங்கே உதவாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுத்துத் தூணின் முகப்பைப் பார்க்க வேண்டும். ஹபனேரியாவில் சூல்முடியின் இரு மடல்கள் சிறு காம்புகள் போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். பெரிஸ்டைலஸில் அவை நீளாமல் மெத்தை போலப் புடைத்து உதட்டின் அடியோடு ஒட்டியிருக்கும். பெரிஸ்டைலஸின் தேன்குழலும் பெரும்பாலும் குட்டையானது, சில இனங்களில் சிறு பை போலவே இருக்கும். ஆனால் குழலை மட்டும் நம்பி முடிவெடுப்பது தவறு. குட்டைக்குழல் ஹபனேரியாக்களும் உண்டு. சூல்முடியே தீர்ப்புச் சொல்லும் உறுப்பு.

நெர்விலியாவில் சிக்கல் வேறு விதமானது. பூவும் இலையும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கோடை மழைக்குப் பிறகு மட்கிய சருகின் ஊடே இலையில்லாத பூந்தண்டு எழும். சில நாட்களில் பூ வாடிவிடும். அதன் பிறகுதான் அதே கிழங்கிலிருந்து ஒரே ஒரு இலை வெளிவரும். மழைக்காலம் முழுவதும் நின்று கிழங்கை நிரப்பிவிட்டு அந்த இலையும் மடியும். பூவை மட்டும் கண்டவர் இலை எப்படி இருக்கும் என்று அறியமாட்டார், இலையைக் கண்டவருக்குப் பூ கிடைத்திருக்காது. ஆகையால் பூத்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு மீண்டும் வர வேண்டும். நெர்விலியா பிளிகேட்டாவின் இலை மடிப்புகளோடும் மயிரோடும் தரையில் படிந்து கிடக்கும். ஒரு தண்டில் பொதுவாக இரண்டு பூக்கள். நெர்விலியா கான்கலரில் இலை காம்பின்மேல் நிமிர்ந்து நிற்கும், பசுமஞ்சள் பூக்கள் ஒரே தண்டில் பல. நெர்விலியா குரோசிஃபார்மிஸ் தண்டுக்கு ஒரே பூவை விடும், உதட்டின் ஓரம் நூல் நூலாகக் கிழிந்திருக்கும். இலை மட்டுமே கிடைத்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான குறிப்பு.

பள்ளத்து நெல்வயல் வரப்பும் நீர் கசியும் புல்திட்டும் யாரும் ஆர்க்கிட் தேடாத இடங்கள். ஜூக்சின் ஸ்ட்ராடியூமேட்டிகாவுக்கு அதுவே உகந்த இடம். விரல் நீளச் செடி, புல் போன்ற இலை, உச்சியில் நெருக்கமாக அமர்ந்த வெண்பூக்கள், அவற்றுள் மஞ்சள் உதடு. பூ இல்லாதபோது அது புல்லோடு புல்லாக மறைந்திருக்கும். ஆசிய வயல்களின் இந்தச் சிறு செடி அமெரிக்காவின் ஃபுளோரிடாவரை போய்ப் புல்தரைகளில் தானாகப் பரவியிருக்கிறது. ஜியோடோரம் டென்சிஃப்ளோரம் நிழலான காட்டுத்தரையில் வளர்வது. அதன் பூந்தண்டு உச்சியில் கொக்கி போல வளைந்து பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிடும். காய் பிடித்ததும் தண்டு நிமிர்ந்துகொள்ளும். இந்த வளைவு ஒன்றே அதைத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டிவிடும்.

மரத்தில் தொற்றி வாழ்பவற்றில் பூ இல்லாமலே ஓரளவு முன்னேற முடியும். மலையின் பழைய பலா, மா மரங்களின் கிளைகளில் வெள்ளைச் சாம்பல் நிற வேர்கள் பின்னிக்கிடக்கும். இந்த வேர்களைப் போர்த்திய வெலாமன் திசு மழைநீரை உறிஞ்சியதும் பச்சையாகத் தெரியும், காய்ந்தால் மீண்டும் வெளுக்கும். மரத்தின் சாற்றை இந்தச் செடிகள் உறிஞ்சுவதில்லை. புல்லுருவி என்று எண்ணி வெட்டி எறிவது மலையெங்கும் நடக்கிறது, அது தேவையற்ற இழப்பு. புல்லுருவியின் வேர் பட்டைக்குள் துளைத்துச் செல்லும். ஆர்க்கிட்டின் வேர் பட்டையின் மேலேயே ஒட்டிப் படரும். தோட்டக்காரரிடம் இந்த ஒரு வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தால் போதும், பல செடிகள் பிழைக்கும்.

இலையைப் பார்த்துப் பிரிப்பது இப்படி: லூயிசியாவின் இலை பென்சில் போல உருண்டையானது, வேறெதனோடும் குழம்பாது. வாண்டா டெஸ்ஸலாட்டாவின் இலை நடுநரம்பில் மடிந்து பள்ளமாக, வெளிப்புறம் வளைந்திருக்கும். நுனி பற்களாக வெட்டுண்டது போல் இருக்கும். அகாம்பே பிரீமோர்ஸாவின் இலை தடித்தது, விறைப்பானது, நுனி சமமற்ற இரு மடல்களாகும். ஏரிடஸ் ரிஞ்சன்ஸின் இலை நாடா போலக் குறுகியது. பூத்துவிட்டால் ஐயம் முற்றிலும் தீரும். வாண்டாவின் மஞ்சள் கலந்த இதழில் பழுப்புக் கட்டங்களும் நீலம் அல்லது ஊதா உதடும், அகாம்பேயின் குட்டைக் கொத்தில் மஞ்சள் நிறத்தின்மேல் செம்பழுப்புப் பட்டைகளும், லூயிசியாவின் இலைக்கக்கத்தில் கருஊதா உதடும், ஏரிடஸின் இளஞ்சிவப்புப் பூச்சரமும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. பழைய காய் தொங்கினால் அதையும் பார்க்க வேண்டும். ஆர்க்கிட் காய் பக்கவாட்டில் கீறல்களாகப் பிளக்கும், ஆனால் நுனியும் அடியும் சேர்ந்தே நிற்கும். உள்ளே இருக்கும் விதை மாவை விட நுண்மையானது.

இத்தனைக்கும் மேலாகப் பொறுமையைச் சோதிப்பது ஒபரோனியா. கொல்லிமலை போன்ற மலைகளின் ஈரமான மரக்கிளைகளில், பாசிக்கும் பெரணிக்கும் இடையே இது வளர்கிறது. இலைகள் இருபக்கமும் தட்டையாக அழுந்தி, அடிப்பகுதியில் ஒன்றையொன்று கவ்வி, பனையோலை விசிறி மடித்ததைப் போல ஒரே தளத்தில் விரிந்திருக்கும். இந்த இலை அமைப்பைக் கண்டவுடன் பேரினம் உறுதியாகிவிடும். சிற்றினம்தான் கடினம். இலைகளின் நடுவிலிருந்து எலிவால் போன்ற கதிர் தொங்கும். அதில் ஒவ்வொரு பூவும் ஓரிரு மில்லிமீட்டர்தான். வெறுங்கண்ணுக்கு அது பூ என்றே தெரியாது, ஏதோ மஞ்சள் அல்லது செம்பழுப்புச் சொரசொரப்பு என்றே தோன்றும். பல இனங்களில் கதிரின் நுனியில் உள்ள பூக்கள் முதலில் மலர்ந்து பிறகு அடி நோக்கி வரும். நுனி வாடியிருப்பதைக் கண்டு பருவம் முடிந்தது என்று திரும்பிவிடக் கூடாது. கதிரின் மேற்பகுதியில் புதுப்பூ இருக்கும்.

ஒபரோனியாவில் பார்க்க வேண்டியது உதட்டின் வடிவம். முழுமையானதா, மூன்று மடலா, நுனி இரண்டாகப் பிளந்ததா, ஓரம் மழுமழுப்பா, நூலிழைகளாகக் கிழிந்ததா. அல்லி இதழின் ஓரமும் முக்கியம். அரித்தது போன்ற ஓரம் சில இனங்களின் அடையாளம். பூவடிச் செதிலின் ஓரத்தையும் விடக் கூடாது. இவை எல்லாமே அரை மில்லிமீட்டர் அளவிலான வேறுபாடுகள். காற்றில் ஆடும் கிளையில் கைலென்ஸால் இதை முடிக்க இயலாது. பெருக்கும் லென்ஸ் பொருத்திய கேமராவில், கதிருக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து, அருகில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்துப் படமெடுப்பதே வழி. அப்படியும் தெளியாதபோது, உரிய அனுமதி இருந்தால், நூற்றுக்கணக்கான பூக்களில் சிலவற்றை மட்டும் ஊசியால் எடுத்து 70 விழுக்காடு ஆல்கஹாலில் சிறிது கிளிசரின் சேர்த்த குப்பியில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் பிரித்துப் பார்க்கலாம். செடி அசையாமல் அங்கேயே இருக்கும்.

பூவைப் பிரிக்கும்போது மகரந்தத் திரள்களை எண்ணுவது பேரினக் குழப்பங்களைச் சட்டென்று தீர்க்கும். வாண்டா கூட்டத்தில் 2, ஒபரோனியாவிலும் பல்போஃபில்லத்திலும் 4, ஈரியாவில் 8. பல்போஃபில்லத்தை வேறு வகையிலும் அறியலாம்: படரும் தண்டில் இடைவெளிவிட்டு அமர்ந்த போலிக்குமிழ்கள், ஒவ்வொன்றின் தலையிலும் பொதுவாக ஒரே இலை, குமிழின் அடியிலிருந்து எழும் பூந்தண்டு, மெல்லிய காற்றிலும் கீல் வைத்ததுபோல் ஆடும் உதடு.

களத்தில் படமெடுப்பதிலும் ஒரு வரிசை தேவை. முதலில் செடி நிற்கும் இடம் முழுவதும், பிறகு செடி, பிறகு இலையின் நுனியும் அடியும், பூங்கதிர், ஒற்றைப் பூ முன்னிருந்து, பக்கத்திலிருந்து, பின்னிருந்து. பக்கவாட்டுப் படம் இல்லாததால் பெயரிட முடியாமல் போகும் படங்களே அதிகம்; தேன்குழல் அதில்தான் தெரியும். எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசைச் சரிவு, பூவின் மணம் பகலிலா இரவிலா என்பவற்றைப் படம் சொல்லாது. அவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்பதும் இந்தக் குறிப்பின் ஒரு பகுதியே. எந்த ஓடையோரம் எந்த மாதம் பூத்தது என்பது ஆடு மேய்ப்பவருக்கும் மிளகு பறிக்க மரம் ஏறுபவருக்கும் தெரிந்திருக்கும். கோயில்காட்டுக்குள் செல்வதற்கு ஊர்ப் பெரியவர்களின் சம்மதம் முதலில் வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்ற வேண்டும்.

காப்புக்காட்டில் எதையும் சேகரிக்க வனத்துறையின் எழுத்துவழி அனுமதி கட்டாயம். பன்னாட்டு வணிகத்தில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. சட்டத்தைவிட உயிரியல் காரணம் இன்னும் வலியது. ஆர்க்கிட் விதையில் முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும், பல தரை ஆர்க்கிட்டுகள் வளர்ந்த பிறகும் அந்தப் பூஞ்சையையே சார்ந்திருக்கும். கிழங்கைத் தோண்டித் தொட்டியில் வைப்பவர் பூஞ்சையைக் கொண்டுவர முடியாது. அடுத்த மழைக்கு அந்தச் செடி எழுவது அரிது. மேல்தளத்தில் பாக்சைட் வெட்டியெடுத்த இடங்களில் மேல்மண்ணோடு இந்தப் பூஞ்சை உலகமும் போய்விட்டது. ஹபனேரியா திரும்ப வர, மண் முதலில் திரும்ப வேண்டும்.

பெயரைச் சரிபார்க்கும் நூல்களில் கொல்லிமலைக்கு மிக அருகிலானது கே.எம். மேத்யூ எழுதிய தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரத் தொகுதி. திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலிருந்து 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த அது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை ஆகியவற்றோடு கொல்லிமலையையும் நேரில் நடந்து சேகரித்த மாதிரிகளைக் கொண்டு எழுதப்பட்டது. அதற்கு முந்தைய சென்னை மாகாணத் தாவரத் தொகுதியைக் கேம்பிள் தொடங்கினார். ஆர்க்கிட் பகுதியை எழுதியவர் ஃபிஷர், அது 1928இல் வந்தது. அதற்கும் முன்னால் ராபர்ட் வைட்டின் படத்தொகுதிகள். அவற்றின் ஓவியங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய இரு இந்திய ஓவியர்களின் கோடுகள் இன்றும் ஒரு உதட்டின் வளைவைச் சரிபார்க்க உதவும் அளவுக்குத் துல்லியமானவை. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். பழைய நூல்களைப் படிக்கும்போது பெயர் மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். இன்றைய வாண்டா டெஸ்ஸலாட்டா முன்பு வாண்டா ராக்ஸ்பர்கி, இன்றைய ஹபனேரியா ராக்ஸ்பர்கி முன்பு ஹபனேரியா பிளாட்டிஃபில்லா. பெயர் மாறினாலும் செடி ஒன்றே என்பதை அறியாதவர் புதிய இனம் கண்டதாக எழுதிவிடக்கூடும்.

நூலில் விடை கிடைத்த பிறகும் மாதிரியோடு ஒப்பிட வேண்டும். திருச்சியின் ராபினட் உலர்தாவரகமும் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகமும் இதற்கான இடங்கள். அங்கே தாளில் ஒட்டிய பழைய பூ சுருங்கி நிறம் போயிருக்கும். உறையில் உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைப் பொறுப்பாளரின் அனுமதியோடு வெந்நீரில் ஊறவைத்தால் இதழ்கள் விரிந்து உதட்டின் மடல்கள் மீண்டும் தெளியும். களப்படமும் அளவுகளும் அதோடு பொருந்தினால் பெயரை முழுமையாக எழுதலாம். பொருந்தாதபோது பேரினப் பெயரோடு நிறுத்தி, எந்த உறுப்பு பொருந்தவில்லை என்பதைப் பதிவில் குறித்து, அடுத்த பூக்கும் மாதத்தில் அதே செடியை மீண்டும் பார்க்க வேண்டும். அரிய இனமாக இருந்தால் வெளியிடும் பதிவில் கொல்லிமலையின் உட்பிரிவான நாட்டின் பெயர், அதாவது வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்ற அளவே போதுமானது. துல்லியமான ஆயத்தொலைவுகள் உலர்தாவரகத்தின் உள்பதிவிலும் வனத்துறையின் கோப்பிலும் மட்டும் இருக்க வேண்டும்.